அத்தியாயம் 6: ஒரு கரை, ஓர் ஊர், ஐந்து நாள்

கல்முனைக்குடியில் தங்கிக் கிழக்கைப் பார்த்தல்

கனடாவில் இருந்து வந்த என் சாச்சியின் மகன், ஏழு நாளில் இலங்கை முழுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேன் பிடித்தான். கண்டி, நுவரெலியா, எல்ல, யால என்று ஓடி, ஆறாம் நாள் இரவு கல்முனைக்குடியில் வந்து இறங்கியபோது சின்னவளுக்குக் காய்ச்சல். பெரியவன் வேனிலேயே தூங்கிப்போயிருந்தான். மறுநாள் பகல் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். தங்கள் மூத்தம்மா பிறந்த ஊரை அந்தப் பிள்ளைகள் வேன் கண்ணாடிக்குள் இருந்துதான் பார்த்தார்கள். அன்று வாசலில் நின்று கையசைத்தபோது எனக்குள் எழுந்த வருத்தம்தான் இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது.

பெரிய தீவில் விடுமுறை கழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவான கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் நீளம். அங்கே ஒரு கிழமை விடுமுறைக்குப் போகும் விவரம் தெரிந்தவர்கள், மேற்கே ஹானியா அல்லது நடுவே ஹெராக்லியோன் என்று ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்தே அக்கம்பக்கம் போய்வருவார்கள். இலங்கையோ 65,610 சதுர கிலோமீற்றர், கிரீட்டைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. இதை ஏழு நாளில் சுற்றினால் மிஞ்சுவது தெருக்களின் நினைவு மட்டும்தான். ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கரையில் ஓர் ஊரில் பெட்டியை இறக்கிவையுங்கள். ஐந்து நாளுக்கு அதைத் தூக்காதீர்கள்.

அந்தக் கரை கிழக்காக இருந்தால், ஊர் கல்முனைக்குடியாக இருக்கட்டும் என்பது என் பரிந்துரை. கடல் காலடியில். வடக்கே மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், தெற்கே பொத்துவில் ஏறத்தாழ 70, மேற்கே அம்பாறை 30க்குள். மூன்று திசைக்கும் காலையில் போய் இரவுக்குள் திரும்பலாம். சுற்றுலாவுக்கென்று ஒப்பனை செய்துகொள்ளாத ஊர் இது. இங்கே நீங்கள் பார்ப்பது மக்கள் உண்மையில் வாழும் வாழ்க்கை.

எப்போது வருவது

நாட்டின் தெற்கும் மேற்கும் மழையில் நனையும் மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக்கு வெயில் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். கச்சான் வீசும் நாட்களில் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் வெளியே அலையாதீர்கள். ஊரவர்களும் அந்த நேரம் வீட்டுக்குள்தான் இருப்பார்கள்.

வெயிலும் தாங்க வேண்டும், கடலும் அமைதியாக இருக்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து ஊரில் கையில் காசு புரளும் காலமும் அதுதான். தெற்கே அறுகம்பேயின் அலை பார்க்க வருபவர்கள் மே முதல் செப்டெம்பருக்குள் வர வேண்டும். பச்சை வயல் பார்க்க விரும்புபவர்கள் மாரியின் கடைசியில், ஜனவரி முடிவில் வரலாம். மேற்கே கரவாகு வட்டை என்னும் வயல்வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் நெற்பயிர் நிற்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாடைக்காற்றும் வெள்ளமும் பயணத்தைக் குலைத்துவிடும்.

நோன்பு மாதம் தனி அனுபவம். பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சும் மணமும், இரவு நெடுநேரம் விழித்திருக்கும் தெருக்களும் வேறு மாதத்தில் கிடைக்காது. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் பகல் உணவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எப்படி வந்து சேர்வது

ரெயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கொழும்பு கோட்டையில் ஏறினால் மட்டக்களப்பில் இறங்கி, அங்கிருந்து கல்முனை அல்லது அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பகல் ரெயிலான உதயதேவியில் வந்தால் காடும் குளமும் பார்த்துக்கொண்டு வரலாம். இரவு ரெயிலில் இடம் தேவைப்படுபவர்கள் முன்கூட்டியே பதிய வேண்டும்.

கொழும்பில் இருந்து நேரடி இரவு பஸ்களும் உண்டு. இரவு ஏறினால் விடியலில் ஊர். முதுகு வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் ரெயிலையே சொல்வேன்.

சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு மூன்று வழிகள். பொலன்னறுவை, வாழைச்சேனை, மட்டக்களப்பு வழி சமதரை, ஓட்டுவது எளிது. கண்டி, மகியங்கனை, அம்பாறை வழியில் பேர்பெற்ற பதினெட்டு வளைவு இருக்கிறது. காட்சி அழகானது. ஆனால் மலைப்பாதையில் பழகிய கை வேண்டும், வயிறு புரட்டும் பிள்ளைகளுக்கு ஒரு பையும் வேண்டும். இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழி பொத்துவிலில் கடலைத் தொடும். இந்த வழியில் லகுகல காட்டை இருட்டுமுன் கடந்துவிடுங்கள். அந்திக்குப் பிறகு யானை தெருவில் நிற்கும். யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், இறங்கிப் படம் எடுக்கப் போகாமல், தூரத்தில் நிறுத்தி அது போகும்வரை காத்திருங்கள்.

எங்கே தங்குவது

பக்கத்துக் கல்முனைப் பட்டினத்தில் சிறு விடுதிகளும் வாடகை அறைகளும் உண்டு. பெரிய நட்சத்திர ஹோட்டல்களைத் தேடுபவர்கள் வடக்கே பாசிக்குடாவுக்கும் தெற்கே அறுகம்பேக்கும் போக வேண்டியிருக்கும். இங்கே உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்கள் வீட்டில் தங்குவதே மேல்.

வீட்டில் தங்குபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். பக்கத்து வளவில் அவளுடைய ராத்தா, அடுத்த வளவில் தங்கச்சி என்று ஒரு தெருவே ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கும். நீங்கள் கணவரின் நண்பராக வந்திருந்தாலும், விருந்து கொடுப்பது அந்த வீட்டு உம்மா. கொண்டுவந்த பழத்தையோ இனிப்பையோ அவர் கையில் சேரும்படி கொடுங்கள். போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு போங்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க முயலாதீர்கள், அது மனத்தை நோகச் செய்யும். பிள்ளைகளின் கையில் ஏதாவது வைப்பது வேறு, அதை எல்லோரும் ஏற்பார்கள்.

ஊரின் நேரம்

இந்த ஊரைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டாம். அதன் நேரத்தோடு சேர்ந்து நடந்தால் போதும்.

விடியலின் சுபஹ் பாங்கோடு எழும்புங்கள். பிரதான வீதியில் இருந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கடல். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இருந்து எழும். கடல் அமைதியான மாதங்களில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு நுனிக் கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு நெருங்க நெருங்க வரிசைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். இழுக்கும் கைகளை ஒன்றுசேர்ப்பது அம்பாப் பாட்டு. கயிறு பிடிக்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், மறுக்க மாட்டார்கள். வலைக்குக் குறுக்கே நடக்காதீர்கள். கயிற்றைத் தாண்டி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள்.

மீன் கரைக்கு வந்ததும் ஏலம் தொடங்கும். வீட்டில் தங்கியிருந்தால் வீட்டுக்காரரோடு போய் வாங்குங்கள். விலை பேசுவது அவர் வேலை, மீனின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் வேலை. கீரி, சூடை, பாரை, சூரை என்று பெயர் தெரிந்து தின்னும் மீன் நாவில் தனியாக நிற்கும்.

எட்டு மணிக்குப் பிறகு கல்முனைப் பொதுச் சந்தை. கிழக்குக் கரையின் பெரிய வியாபார இடங்களில் ஒன்று. சுற்றியுள்ள தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் வாங்கவும் விற்கவும் கூடுவது இங்கேதான். மரக்கறி, கருவாடு, பாய், பிடவை என்று ஒரு மணி நேரம் நடக்கலாம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டில் இருந்து இரண்டு வரை ஜும்ஆவுக்காகக் கடைகள் மூடும். அன்றைய தேவைகளை முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

அஸருக்குப் பிறகு கடற்கரை மறுபடி நிறையும். இளைஞர்கள் பந்தடிப்பார்கள். குடும்பங்கள் மணலில் வட்டமாக உட்காரும். கடலை, வடை, ஐஸ்கிறீம் வரும். மஃரிப் பாங்கோடு பெரும்பாலோர் எழுந்துவிடுவார்கள். பௌர்ணமி நாளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்து பாருங்கள். காலையில் சூரியன் வந்த அதே கடலில் இருந்து நிலா வரும்.

கடலில் இறங்குமுன்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் கடல் பார்க்க அழகானது, குளிக்க இலகுவானது அல்ல. கரை சட்டென்று ஆழமாகும். திரும்பிப்போகும் தண்ணீர் காலடி மணலை வாரி இழுக்கும். கரையோரம் காவலுக்கு ஆள் இருக்க மாட்டார். கல்முனைக்குடிக் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நீந்த விரும்பினால் பாசிக்குடாவுக்குப் போங்கள். மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள அந்தக் குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அறுகம்பேயிலும் குடாவின் உள்மூலையில் அலை தணிந்த இடம் உண்டு.

எங்கே இறங்கினாலும் கரையில் நிற்கும் தோணிக்காரரிடம் முதலில் கேளுங்கள். "இண்டைக்குக் கடல் சரியில்ல தம்பி" என்று அவர் சொன்னால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் அவர் சொல்வதுதான் சரி. இழுப்பில் அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் அடிக்காதீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று இந்தக் கரையின் எந்த ஊரிலும் இழப்பில்லாத தெரு இல்லை. கடலோரம் வெறும் வளவுகளையும் வீட்டின் அத்திவாரம் மட்டும் நிற்கும் இடங்களையும் கண்டால் அது என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அவற்றின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டிக் கேட்காதீர்கள். அன்று சுமாத்திராவுக்கு அப்பால் நடந்த நிலநடுக்கத்தை இங்கே பெரும்பாலோர் உணரவில்லை. அதனால் நில அதிர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எச்சரிக்கை கேட்டாலோ, பொருளை எடுக்கத் திரும்பாமல் மேற்கே ஓடுங்கள். தங்கும் இடத்தில் இருந்து மேற்கே போகும் தெரு எது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பள்ளி

கல்முனைக்குடிக் கடலோரத்தில் நிற்கும் கடற்கரைப் பள்ளிவாசல், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவோடு சேர்ந்தது. அவர் அடக்கமாகியிருப்பது தமிழ்நாட்டின் நாகூரில். கடலில் போகிறவர்களுக்குக் காவல் என்று மாலுமிகளும் மீனவர்களும் நம்பிய பெரியார் அவர். அந்த நம்பிக்கை கடல் கடந்து வந்து இங்கே ஒரு பள்ளியாக நிலைத்தது. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில் கொடியேறும். கொடி இறங்கும் நாளில் கந்தூரிச் சோறு பகிரப்படும். ஏறத்தாழ 200 ஆண்டாக நடந்துவரும் விழா இது. இஸ்லாமிய மாதம் என்பதால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். பயணத்தை அதற்குப் பொருத்த விரும்புபவர்கள் அந்த ஆண்டின் பிறையைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

அந்த நாட்களில் கடற்கரை கடைத்தெருவாகிவிடும். பக்கீர் பாவாக்களின் றபான் பறை ஓசை கேட்கும். பக்கத்துத் தமிழ் ஊர்களில் இருந்தும் நேர்ச்சையோடு வருவார்கள். பெண்களும் ஆண்களும் தலையை மறைத்துக்கொள்ளுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், தொழுகை நேரத்தில் படம் எடுக்காதீர்கள். தர்ஹா வழக்கங்களைப் பற்றி ஊருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விருந்தாளி அந்த விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை.

இங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குக் கிரீட் தீவின் ஹானியா நகரம் நினைவுக்கு வரும். அங்கேயும் துறைமுகத்தின் விளிம்பில், தண்ணீரைத் தொட்டாற்போல ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1645இல் உஸ்மானியர் அந்த நகரைப் பிடித்த பிறகு எழுந்தது. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது அங்கே தொழுகை நின்றுபோனது. கட்டடம் அழகாகவே இருக்கிறது. உள்ளே கண்காட்சிகள் நடக்கின்றன. அதைக் கட்டிய சமூகம் மட்டும் அங்கே இல்லை. எங்கள் கடற்கரைப் பள்ளி அவ்வளவு அழகான கட்டடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாங்கு கேட்கிறது, கேட்டதும் மீன்வலையை வைத்துவிட்டு ஆட்கள் வருகிறார்கள். ஒரு கரையில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

என்ன சாப்பிடுவது

காலைக்குப் பிட்டு. மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறி மாறி இட்டு அவித்தது. இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் வாழ்வைச் சொல்ல "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்பார்கள். ஊர்களின் வரிசையைப் பார்த்தால் அந்தச் சொல் எப்படி வந்தது என்று விளங்கும்: பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி. போர்க்காலத்தில் அந்தப் பிட்டு உதிர்ந்த நாட்களும் உண்டு. இன்று சந்தையிலும் பாடசாலை வாசலிலும் அதைச் சேர்த்துப் பிடிப்பவர்களை நீங்கள் காண்பீர்கள்.

பகலுக்குச் சோறும் மீன் ஆணமும். குழம்பை இங்கே ஆணம் என்போம். தேங்காய்ப்பாலில் காய்ச்சினால் பாலாணம், புளி கரைத்தால் புளியாணம். உறைப்பு வேண்டாதவர்களும் பிள்ளைகளும் பாலாணத்தோடு தொடங்கலாம். கல்யாண வீட்டுக்கு அழைப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். சஹனில் சோறு வரும். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ள பகுதியில் இருந்து வலக்கையால் உண்பது வழக்கம். நடுவில் உள்ள இறைச்சியைப் பக்கத்தில் இருப்பவர் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். நீங்களும் ஒரு துண்டை அவர் பக்கம் தள்ள வேண்டும்.

இரவுக்குக் கொத்து ரொட்டி. கடைக்கு வெளியே நின்றே அதன் தாளத்தைக் கேட்கலாம். இனிப்புக்கு வட்டலப்பம், தொதல், மஸ்கட். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைப் பாணி ஊற்றித் தின்பது தனிச்சுகம். நடுவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் இஞ்சி போட்ட பிளேன்டி. மதுபானம் இந்த முஸ்லிம் ஊர்களில் கிடையாது. வெளியே இருந்து கொண்டுவரவும் வேண்டாம்.

வடக்கே ஒரு நாள்

காலையில் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரமும் சேலையும் நெய்யும் தறிகளை நேரில் பார்த்து, நெய்தவரிடமே வாங்குங்கள். நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவை அவர் வாயால் கேட்ட பிறகு விலை குறைக்கக் கேட்க மனம் வராது. போகும் வழியில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில். அதன் தீமிதிப்புக் காலத்தில் வந்தால் கூட்டத்தை எதிர்பார்த்து வாருங்கள். அடுத்து பெரியநீலாவணை, கவிஞர் நீலாவணனின் ஊர். அதோடு அம்பாறை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கும்.

கல்லாற்றில் இருந்து மட்டக்களப்பு வாவி உங்களோடு கூடவே வரும். காத்தான்குடியில் நின்று முஸ்லிம்களின் மரபுப் பொருட்களை வைத்துள்ள நூதனசாலையைப் பாருங்கள். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை. கல்லடியில் பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. நிலவு நாட்களில் வாவியில் தோணி ஏறிப் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது தலைமுறைகளாக வரும் சொல். இரவில் திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே ஒரு நாள்

முதல் நிறுத்தம் காரைதீவு. 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். பழந்தமிழ் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தவர். அவருடைய சமாதி கல்லடியில் இருக்கிறது. முந்தைய நாள் அதைப் பார்த்தவர்களுக்கு இன்று பிறந்த ஊர். நிந்தவூரைத் தாண்டினால் ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். கடற்கரைக்குப் போனால் 2013இல் திறந்த துறைமுகத்தையும், அதற்கு வடக்கே கடல் அரித்துத் தின்ற கரையையும் காணலாம். கடலுக்குள் ஒரு சுவர் கட்டினால் மணலின் ஓட்டம் மாறி, கரை எப்படித் தேயும் என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். தென்னை சரிந்து கிடக்கும் விளிம்புக்கு அருகில் போகாதீர்கள்.

அக்கரைப்பற்றில் தேத்தண்ணி குடித்துவிட்டு, திருக்கோவிலில் கடலைப் பார்த்து நிற்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயில். அங்கிருந்து கோமாரி வழியாகப் பொத்துவில். பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்களின் தோணியில் கண்டல் காட்டுக்குள் போய்வருவது பிள்ளைகளுக்கு மறக்காது. மாலையில் அறுகம்பே. உலகெங்கும் இருந்து அலைச்சறுக்கு ஆடுபவர்கள் கூடும் குடா. பழகாதவர்கள் முனையின் பெரிய அலைக்குப் போகாமல், பயிற்றுநரோடு சிறிய அலையில் தொடங்க வேண்டும். பாணமை, உகந்தை முருகன் கோயில், குமண சரணாலயம் எல்லாம் இன்னும் தெற்கே. அவற்றை இந்த நாளுக்குள் திணிக்காதீர்கள். அவை இன்னொரு விடுமுறைக்கு உரியவை.

மேற்கே ஒரு நாள்

கடலைப் போலவே வயலும் இந்தக் கரையின் உயிர். சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் தெருவின் இருபக்கமும் வட்டைகள். நடுவே காவல் வாடிகள், கொக்குகள், கால்வாய்கள். அம்பாறைக்கு அப்பால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெரிய நீர்த்தேக்கம். கல்லோயா தேசிய பூங்காவின் படகுப் பயணம் இங்கிருந்துதான். தீவில் இருந்து தீவுக்கு யானைகள் நீந்திப் போவதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. விடியலிலோ பின்னேரத்திலோ போக வேண்டும், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறக் கூடாது. திரும்பும் வழியில் தீகவாபி தூபியைப் பார்ப்பவர்கள் தோளையும் முழங்காலையும் மறைத்த, முடிந்தால் வெள்ளை உடையில் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

- உடை: கடற்கரையிலும் தெருவிலும் தோளும் முழங்காலும் மறைந்த பருத்தி உடை. குளியல் உடைகளை அறுகம்பே, பாசிக்குடாவுக்கு மட்டும் வையுங்கள்.
- சலாம் சொன்னால் பதில் சொல்லுங்கள். வணக்கமும் சிரிப்பும் யாருக்கும் குறைவில்லை. மூத்த ஆண்களைக் காக்கா என்றும் பெண்களை ராத்தா என்றும் அழைத்தால் பாதி வேலை முடிந்தது. பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், கைகுலுக்கக் கை நீட்டவும் வேண்டாம்.
- பணம்: வங்கிகளும் பண இயந்திரங்களும் கல்முனைப் பட்டினத்தில் உண்டு. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் சில்லறை வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் கூலி பேசிவிடுங்கள்.
- வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படுமுன் அரச தளத்தில் எடுக்க வேண்டும். கட்டணமும் விதியும் மாறும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.
- அவசர இலக்கங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.
- தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நுளம்பு விரட்டி, உப்புக் கரைசல் பைகள்.
- வாசிக்க: கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமானின் கவிதைகளில் ஒரு தொகுப்பு, கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் ஒரு தொகுப்பு. கடற்கரையில் இருந்து வாசித்தால் மணலும் காற்றும் வரிக்குள் வந்துவிடும்.

நாட்களைப் பிரிப்பது

முதல் நாள் ஊரும் சந்தையும். இரண்டாம் நாள் வடக்கு. மூன்றாம் நாள் தெற்கு. நான்காம் நாள் மேற்கு. ஐந்தாம் நாளுக்கு நான் எதையும் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள்.

என் சாச்சியின் மகன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். இந்த முறை வேன் இல்லை, மட்டக்களப்பு ரெயிலில் வந்து பஸ்ஸில் இறங்கினான். ஐந்தாம் நாள் காலை சின்னவளைக் காணவில்லை என்று தேடினோம். அவள் கரைவலைக் கயிற்றின் கடைசி ஆளாக நின்றிருந்தாள். முன்னால் நின்றவர் பாட, அவளும் வார்த்தை தெரியாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். மடி கரையேறியதும் ஒரு கீரி மீனை உயர்த்திப் பிடித்து, அதன் பெயரைச் சரியாகச் சொன்னாள்.